காவிரிப் படுகையில் விடுமுறைக்கால அறிவியல் முகாம்கள்: செய்து கற்றலும் வேளாண் சொல்வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி விடுமுறை நாள்களில் குழந்தைகளுக்கு நடத்தப்பெறும் பகல்நேர அறிவியல் முகாம்களைத் தஞ்சைப் பகுதியின் நிலத்தோடும் பயிர்ப் பருவத்தோடும் சொல்வழக்கோடும் பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது. முகாமில் செய்து பார்க்கத்தக்க சில செயல்பாடுகள் உரிய கணக்குகளுடன் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. படுகைக் குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொற்களிலிருந்தே அறிவியல் கற்றலைத் தொடங்க இயலும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: அறிவியல் முகாம், செய்து கற்றல், காவிரிப் படுகை, பெரிய கோயில், வேளாண் சொற்கள், கலைச்சொல்.

முன்னுரை

விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டி அறிவியல் காட்டும் வழக்கம் புதிதன்று. இலண்டன் இராயல் நிறுவனத்தில் 1825ஆம் ஆண்டு தொடங்கிய கிறித்துமசு விடுமுறைச் சொற்பொழிவுகளை மைக்கேல் ஃபாரடே பலமுறை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் பொருளாகக் கொண்டு அவர் ஆற்றிய உரைத்தொடர் 1861இல் நூலாகவும் வந்தது. எனினும் அங்கே சோதனை செய்தவர் ஃபாரடே, குழந்தைகள் பார்த்திருந்தனர். குழந்தையின் கையில் பொருளைக் கொடுத்துச் செய்யவிடும் முறை இந்தியாவில் வேரூன்றியதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் (1972-2002) முதன்மையான காரணமாகும். தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் கொண்டு வடிவியல் கற்பித்த அரவிந்த் குப்தாவின் பணி அம்மரபில் கிளைத்ததே.

தமிழகத்தில் இப்பணியைப் பரவலாக்கியது 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987இல் நாடெங்கும் நடந்த மக்கள் அறிவியல் கலைப்பயணம், அதே ஆண்டு தொடங்கப்பட்ட 'துளிர்' சிறுவர் அறிவியல் இதழ், 1993 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு ஆகிய மூன்றும் மாவட்டந்தோறும் ஆசிரியர்களையும் தன்னார்வலர்களையும் உருவாக்கின. கோடைவிடுமுறையில் ஒரு பள்ளி வளாகத்திலோ நூலகத்திலோ ஐந்து நாள் முகாம் என்னும் வடிவம் இவர்களால் சிற்றூர்களுக்கும் சென்றது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான அரசுப்பள்ளி மாணவர்களுக்குச் செயல்வழிச் சோதனைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்துள்ளது. ஆயினும் அது பள்ளி வேலைநாள்களுக்குரியது. பாடவேளை மணி அடிக்காத நாளில், ஒரே வினாவோடு காலை முழுதும் இருக்கும் வாய்ப்பு முகாமுக்கே உரியது.

தஞ்சைக்கு இதில் ஒரு பழைய உரிமையும் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) தரங்கம்பாடி மறைப்பணியாளர் சுவார்ட்சிடம் கல்வி பெற்றவர். ஐரோப்பாவிலிருந்து காற்றிறைப்பியும் மின்பொறியும் நுண்ணோக்கியும் வரவழைத்தவர். அரண்மனையில் இருந்த அக்கருவிகளை வந்துபோன வெளிநாட்டார் வியந்து பார்த்தனர். ஊர்க் குழந்தைகள் அவற்றைத் தொட்டிருப்பார்களா என்பது வேறு வினா.

பெரிய கோயில் நிழல்

தஞ்சையில் வளர்ந்த குழந்தை எதுவும் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்னும் கூற்றைக் கேளாமல் இருக்க முடியாது. இக்கட்டுரையாளரும் பாட்டி சொல்லக் கேட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் அதைப் பிறருக்கும் சொல்லி வந்தவரே. முகாமுக்கு இதைவிடச் சிறந்த வினா கிடைப்பது அரிது. கூற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால் குழந்தைக்குக் கிடைப்பது மற்றொரு கூற்று மட்டுமே. அளக்கவிட வேண்டும்.

தேவைப்படுவது ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி, தூக்குநூல், சுண்ணக்கட்டி. சமதரையில் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை 11 மணி முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவர வேண்டும். நிழல் மிகக் குறுகும் கணமே உச்சிப்பொழுது. கடிகாரம் அப்போது 12 காட்டாது. இந்தியப் பொதுநேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது; தஞ்சையோ அதற்கு மேற்கே 79.1 பாகையில் உள்ளது. எனவே மே மாத நடுவில் தஞ்சையின் உச்சிப்பொழுது ஏறத்தாழ 12.10 மணிக்கு நிகழும்.

அடுத்த வியப்பு திசை. தஞ்சையின் அகலாங்கு வடக்கு 10.8 பாகை. ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் கதிரவன் நேர் உச்சிக்கு வருவதால் அந்நாள்களில் நட்ட குச்சிக்கு உச்சிப்பொழுதில் நிழலே இராது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கதிரவன் உச்சிக்கு வடக்கே செல்கிறான். நிழல் தெற்கே விழுகிறது. மே நடுவில் ஒரு மீட்டர் குச்சியின் உச்சிநிழல் தெற்கு நோக்கி ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். அரையாண்டு விடுமுறையில், திசம்பர் இறுதியில், அதே குச்சியின் நிழல் வடக்கு நோக்கி 68 சென்டிமீட்டர். கோடை முகாமுக்கு வந்த குழந்தையே திசம்பரிலும் வந்தால் இவ்விரு கோடுகளையும் தன் கையாலேயே வரைந்திருக்கும்.

இனி விமானம். 1010இல் குடமுழுக்குக் கண்ட இவ்விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரமும் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமும் உடையது. அதாவது உச்சிக்கு நேர்கீழான நடுப்புள்ளியிலிருந்து அடித்தளத்தின் விளிம்பு 15 மீட்டர் தொலைவில் உள்ளது. குச்சியின் விகிதத்தைப் பெருக்கினால், மே நடுவில் உச்சிப்பொழுதில் சிகரத்தின் நிழல் நடுவிலிருந்து 8.4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது 15 மீட்டரைவிடக் குறைவு. ஆகவே நிழல் கட்டடத்தின் மேலேயே அடங்கிவிடுகிறது, தரைக்கு வருவதில்லை. சூன் 21 அன்றுகூட இத்தொலைவு 13.4 மீட்டரைத் தாண்டாது. திசம்பரிலோ 41 மீட்டர். சிகர நிழல் வடக்குத் திருச்சுற்றில் தெளிவாக விழும். காலையிலும் மாலையிலும் ஆண்டின் எல்லா நாளும் நிழல் தரையில் நீண்டு கிடக்கும்.

இத்தோராயக் கணக்கின்படி மார்ச்சு நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை உச்சிப்பொழுதில் சிகர நிழல் தரையைத் தொடாது. எனவே கூற்று முழுப் பொய்யாக முளைத்ததன்று. பாதி ஆண்டுக்கு, ஒரு குறிப்பிட்ட பொழுதுக்குப் பொருந்தும் ஒரு காட்சி எல்லாக் காலத்துக்கும் உரியதாக விரிந்துவிட்டிருக்கலாம். பாட்டி பொய் சொல்லவில்லை, அவர் எப்போது பார்த்தார் என்பதை நாம் கேட்கவில்லை என்று குழந்தைக்குச் சொல்ல முடிகிறது. வழிபாட்டிடமாகவும் உள்ள ஒரு கோயிலில் இச்செயல்பாட்டை நடத்துவோர்க்கு இந்த மரியாதை இன்றியமையாதது.

பதர், கருக்காய், மணி

பாடநூலில் 'அடர்த்தி' என்னும் சொல் நிறையைப் பருமனால் வகுத்த ஈவாக அறிமுகமாகிறது. படுகைக் குழந்தை அதற்கு முன்பே களத்தில் மூன்று சொற்களைக் கற்றிருக்கிறது. உள்ளே ஒன்றுமற்றது பதர், பாதி முற்றியது கருக்காய், நிறைந்தது மணி. தூற்றும்போது காற்று இவற்றைப் பிரித்துப் போடுவதையும் அது கண்டிருக்கும். கருக்காய்க்கு நிகரான தனிச்சொல் பள்ளிப் பாடநூலில் இல்லை. களத்துமேட்டில் அது இன்றியமையாத இடைநிலை.

வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் உப்புக்கரைசல் விதைத்தேர்வு இதை அறிவியல் சோதனையாக்குகிறது. வாளி நீரில் புதிய கோழிமுட்டையை இட்டால் அது மூழ்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர, முட்டை எழும்பி, அதன் ஓட்டில் ஒரு நாணய அளவு நீருக்கு மேல் தெரியும். அந்நிலையில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், மணி அடியில் தங்கும். தெரிந்தெடுத்த விதையை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவுவது கட்டாயம். இல்லையேல் உப்பு முளைப்பைக் கெடுக்கும். வெறும் நீரிலும் கரைசலிலும் தனித்தனியே நூறு நெல்லை இட்டு எண்ணச் செய்தால் வேறுபாடு தெளிவாகும். வெறும் நீரில் பதர் மிதக்கும். கருக்காயில் பெரும்பகுதி ஏமாற்றி மூழ்கிவிடும்.

கட்டுரையாளர் உதவியாளராக இருந்த ஒரு முகாமில் பயிற்றுநர், கரைசலில் மிதந்தவை அனைத்தையும் பதர் என்றார். கூலிவேலைக்குச் செல்லும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, சிலவற்றை நகத்தால் உரித்துக் காட்டி, இவை கருக்காய் என்று திருத்தினாள். அதன்பின் அட்டவணையில் இரண்டு நிரல்கள் மூன்றாயின. அதுவரை வாய் திறவாதிருந்தவள் அவள். கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் விவாதங்கள் பெரிதும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகர் தேடுவனவாகவே உள்ளன. தமிழில் ஏற்கெனவே உள்ள நுண்பிரிவுகளுக்குப் பாடநூலில் இடம் தேடும் விவாதம் குறைவு.

பருவமும் விடுமுறையும்

அச்சிட்ட ஒரே கையேட்டை எல்லா விடுமுறைக்கும் எடுத்துச்செல்லும் முகாம்கள் படுகையின் பெரும் வாய்ப்பை இழக்கின்றன. அரையாண்டு விடுமுறையில் சம்பாப் பயிர் பல வயல்களில் கதிர்விட்டுப் பால் பிடித்திருக்கும். 'பால் பிடித்தல்' உவமை மட்டுமன்று; மணியை நசுக்கினால் வெண்ணிறச் சாறு கசியும். அதில் மருந்துக்கடை அயோடின் கரைசலை ஒரு சொட்டு இட்டால் கருநீலம் தோன்றும். அது மாவுப்பொருளின் அடையாளம். முற்றிய அரிசியிலும் தண்டின் சாற்றிலும் இதையே செய்து நிறத்தை ஒப்பிடலாம். கோடையில் வயல் வெடித்துக் கிடக்கும். அப்போது மண்ணைக் குப்பியில் நீருடன் குலுக்கி வைத்தால் மணல், வண்டல், களி என அடுக்கடுக்காகப் படிவதைக் காணலாம்.

காலாண்டு விடுமுறையில் வாய்க்காலில் நீர் ஓடும். மேட்டூர் அணையைச் சூன் 12 அன்று திறப்பது மரபு. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்வெண்கள் தேநீர்க்கடைப் பேச்சில் நாளும் புழங்குபவை. 'கன அடி' என்பதைக் குழந்தை கேட்டிருக்கும், அளந்திராது. முழங்கால் ஆழத்துக்கும் குறைந்த வயல்வாய்க்காலில், பெரியவர் அருகிருக்க, 10 மீட்டர் தூரத்தை ஒரு தக்கை கடக்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 25 நொடி ஆயின் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் கரையிலும் நீர் மெதுவாக ஓடுவதால் இதை 0.8ஆல் பெருக்கிச் சராசரி காண்பர். வாய்க்கால் 60 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உடையதெனின் நொடிக்கு 48 லிட்டர், அதாவது ஏறத்தாழ 1.7 கன அடி கிடைக்கும். நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும் என்பதையும் அவர்களே வகுத்துக் காணலாம். செய்தித்தாளில் வரும் காவிரி வழக்கின் எண்கள் அன்றுமுதல் வேறு எடையோடு படிக்கப்படும்.

கருவியும் உணவும்

நகரங்களில் கட்டணம் பெற்று நடக்கும் எந்திரனியல் முகாம்கள் பெருகியுள்ளன. அவற்றைக் குறைகூறுவது நோக்கமன்று. சுற்றுமின்னியலைக் கையால் அறிவது நல்லதே. ஆனால் பெட்டியில் வந்த பாகங்களைப் படத்தில் உள்ளவாறு பொருத்தி முடிப்பதில், தவறு செய்து கண்டுபிடிக்கும் இடம் சிறிது. பெட்டியின் விலை, உடைந்துவிடுமோ என்னும் அச்சத்தையும் கூடவே தருகிறது. மேலே கூறிய செயல்பாடுகளுக்குத் தேவையான குச்சி, உப்பு, முட்டை, தக்கை, குப்பி எவையும் உடைந்தால் அழவேண்டியவை அல்ல.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. பள்ளிச் சத்துணவு வேலைநாள்களுக்குரியது. கோடைவிடுமுறையில் அடுப்பு எரிவதில்லை. காலை 10 முதல் மாலை 4 வரை என அறிவிக்கப்படும் முகாமுக்கு மதிய உணவு கட்டிக்கொண்டு வர இயலாத குழந்தை முதல்நாள் வந்து இரண்டாம் நாள் நின்றுவிடுகிறது. வருகைப்பதிவேட்டில் அது ஆர்வக்குறைவாகவே பதிவாகிறது. பெண்குழந்தைகள் தம்பி தங்கையரை விட்டுவர முடியாமல் நிற்பதும் உண்டு. சிறுவர்களையும் உடன் அழைத்துவரலாம், மதியம் சோறு உண்டு என்ற இரு வரிகளை அறிவிப்பில் சேர்த்து, ஊரில் ஒரு வீட்டாரிடம் அரிசியும் மற்றொரு வீட்டாரிடம் பருப்பும் கேட்டுச் சமைத்த முகாமில் ஐந்தாம் நாள் வருகை முதல்நாள் வருகையைவிடக் கூடியிருந்ததைக் கட்டுரையாளர் கண்டார். அம்முகாமில் சமைக்க வந்த பெண்கள்தாம் உப்புக்கரைசல் வாளியைச் சுற்றி நெடுநேரம் நின்றவர்கள். முட்டை மிதந்ததும் அடுத்த நாற்றங்காலுக்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே.