கொப்புளிப்பான் தடுப்பூசி: காசு கொடுத்துப் போட வேண்டுமா?

"டீச்சர், அந்த ஊசி அவசியமென்றால் கிளினிக்கிலேயே போட்டிருப்பார்களே?" கொப்புளிப்பான் தடுப்பூசி பற்றிப் பேசினால் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் தெரிந்தால்தான் சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைப்பதா, வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியும்.

நமது நாட்டின் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் ஆரம்பமானது. அதில் வரும் ஊசிகள் எல்லாம் இலவசம். கொப்புளிப்பான் ஊசி அந்தப் பட்டியலில் இல்லை. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர் ஊசி இதற்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் மட்டுமே. கொப்புளிப்பான் வேறு வைரஸ்.

பட்டியலில் இல்லாததால் ஊசி பயனற்றது என்று ஆகிவிடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்நோய் ஓரிரு வாரத்தில் மாறிவிடும். ஆகவே, மட்டுப்பட்ட நிதியுள்ள நாடுகள் உயிரைப் பறிக்கும் நோய்களுக்கே முதலிடம் கொடுக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டால் நோய் பரவுவது குறையும், ஆனால் நின்றுவிடாது. ஊசி போடாத பிள்ளை சிறுவயதில் தப்பி, பெரியவரான பின் நோயில் விழும். அதனால்தான், திட்டத்தில் சேர்க்கும் நாடு குறைந்தது 80 வீதமான பிள்ளைகளுக்காவது தொடர்ந்து போடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியது.

வயது கூடக் கூட இந்நோய் கடுமையாகும். பெரியவர்களுக்கு நியூமோனியா வரலாம். கர்ப்பிணித் தாய்க்கு வந்தால் அவருக்கும் கருவுக்கும் ஆபத்து. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைக்கு உயிராபத்து. எங்களைப் போன்ற வெப்பவலய நாடுகளில் பலர் சிறுவயதில் இந்நோயைக் காணாமலே வளர்ந்துவிடுகிறார்கள். ஒரு வகுப்பறையில் இது என்ன செய்யும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும் வரை அது நிற்காது. பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு 10 முதல் 21 நாட்களுக்குள் வரும். அந்த 21 நாளுக்குள் பரீட்சை வந்தால் ஒரு வருட உழைப்பு கட்டிலில் கிடக்கும். வகுப்பாசிரியை கர்ப்பிணியாக இருந்தால் நிலைமை இன்னும் பாரதூரமானது.

இந்த ஊசியை 1970களில் ஜப்பானிய வைத்தியர் மிச்சியாக்கி தக்காஹாஷி உருவாக்கினார். அமெரிக்கா 1995 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டு வருகிறது. வலுவிழக்கச் செய்த உயிர் வைரஸ்தான் இதில் உள்ளது. முதல் ஊசி ஒரு வயதுக்குப் பின்னர், இரண்டாவது வழமையாக 4 முதல் 6 வயதுக்குள். இரண்டும் போட்டால் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு நோயே வராது. வந்தாலும் பெரும்பாலும் இலேசாகவே வரும். கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குன்றியவர்களும் இதைப் போடக்கூடாது.

நம்மவர்களிடம் எழும் மற்றொரு கேள்வி, இதில் பன்றி ஜெலட்டின் உண்டா என்பது. மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெரிவக்ஸ் என்ற தயாரிப்பில் உண்டு. வெரில்ரிக்ஸ் என்பதில் ஜெலட்டின் இல்லை. முற்றாக உருமாறிய பொருள் தூய்மையானது என்ற கருத்து 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் மாநாட்டில் வெளியானது. இதில் மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் உள்ளனர். ஆகவே ஊசியின் பெயரைக் கேட்டு, உட்பொருட்கள் எழுதிய தாளை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நீங்கள் நம்பும் ஆலிமிடம் அந்தத் தாளையே காட்டுங்கள். கேள்விப்பட்டதை வைத்து ஊசியையே ஒதுக்கிவிட வேண்டாம்.

காசு கட்டுமுன் சில விடயங்களைக் கவனியுங்கள். ஊசியின் விலை, வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். மூன்று பிள்ளைகள் என்றால் ஆறு ஊசி. இரண்டாவது ஊசிக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். குளிரூட்டியில் வைக்க வேண்டிய மருந்து இது. பாமசியில் வாங்கிப் பையில் போட்டு வெயிலில் பஸ் ஏறுவதைவிட, அது வைத்திருக்கும் இடத்திலேயே போடுவது நல்லது. எம்.எம்.ஆர் போன்ற உயிர் வைரஸ் ஊசி அண்மையில் போட்டிருந்தால் சொல்லுங்கள். ஒரே நாளில் போடாவிட்டால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும். திகதியைக் கிளினிக் கொப்பியில் பதிவு செய்யுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரேயடியாகப் போட வசதி இல்லையா? இன்னும் நோய் வராத, 13 வயதைத் தாண்டிய பிள்ளையை முதலில் யோசியுங்கள். அந்த வயதில் இரண்டு ஊசிக்கும் இடையே குறைந்தது நான்கு வாரம் போதும். வீட்டில் நோயெதிர்ப்புக் குன்றிய ஒருவர் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். யாருக்கு முதலில் என்று அவர் வழிகாட்டுவார்.

ஊசி போட முடியாத பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. நோய் வந்தால் பொருக்கு காயும் வரை பிள்ளையைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் அனுப்பாதிருங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் செலவே இல்லை. ஆனால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் பாதுகாப்பு என்ற நிலை நீடிக்கக் கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வறிய பிள்ளைகளுக்கு உதவ முன்வரலாம். இலவசப் பட்டியலில் இந்த ஊசியையும் சேர்க்குமாறு சுகாதார அமைச்சிடம் கேட்பதும் நமது உரிமையே.