கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை

பறவை பார்க்கணும்னா ஏரிக்கோ சரணாலயத்துக்கோதான் போகணும்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. வேடந்தாங்கலுக்குப் போகிற பலர் வழியில் எதையும் கவனிக்காமல் போவதும் அதனால்தான். ஆனா பங்குனி, சித்திரையில் மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஒரு பிற்பகல் சும்மா போய்ப் பாருங்க. பார்க்க வேண்டியது மின்கம்பியை.

வயல்வெளியில் மரம் குறைவு. தரையில் ஊரும் பூச்சியை மேலிருந்து பார்த்துப் பிடிக்கும் பறவைக்கு மின்கம்பி ஒரு பரண் மாதிரி. உச்சி வெயிலுக்கு நிழலில் ஒதுங்கியவை நாலு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக வந்து உட்காரும். முழுக் கறுப்பாக, வால் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் கரிச்சான். சின்னதாகப் பச்சை நிறத்தில், பறந்துபோய்ப் பூச்சியைக் கவ்விக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பினால் பஞ்சுருட்டான். தண்ணீரே இல்லாத இடத்தில் மீன்கொத்தி எப்படின்னு திகைக்க வேண்டாம். வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, பல்லி எல்லாம் தின்னும். வரிசையாகத் தகைவிலான்கள் இருந்தால், அவை குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளிகள். வடக்கே திரும்பும் நேரம் இது.

இதில் நான் முக்கியமாகத் தேடுவது பனங்காடையை. உட்கார்ந்திருக்கும்போது மண்நிறமும் பெரிய தலையுமாக மந்தமாகத் தெரியும். பறந்தால்தான் இறக்கையில் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக விரியும். இளவேனில் அதற்கு ஜோடி சேரும் காலம். உயரே போய், கரகரவென்று கத்தியபடி புரண்டு புரண்டு கீழே இறங்கும். கூடு வைப்பது பொந்தில்; பட்டுப்போன பனை அதற்குத் தோதான இடம்.

இவ்வளவு சாதாரணமான பறவையைப் பற்றி ஏன் எழுதணும்? 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. சுமார் 12 ஆண்டுகளில் பனங்காடை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது என்றும், உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலையை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரும் தலை எண்ணவில்லை. 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் ஏற்றிய பட்டியல்கள்தான் ஆதாரம். ஓரிடத்திலிருந்து வந்த நூறு பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் பறவை குறைகிறது என்று அர்த்தம். ஆக, பனங்காடை இல்லாத பட்டியலும் ஒரு தகவல்தான். ஆனா ஒரு நிபந்தனை: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதியிருக்கணும். காக்கா, மைனாதானேன்னு விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதினால் அந்தப் பட்டியல் இந்தக் கணக்குக்கு உதவாது.

அதனால் 'புதுசா ஒண்ணும் கிடைக்கலை' என்று திரும்பும் பிற்பகலும் வீண் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, 15 நிமிஷம், பார்த்ததையும் கேட்டதையும் முழுசா எழுதுங்க. மாசம் ஒரு தடவை அதே சாலைக்குப் போங்க. உங்க நிலத்தில் பட்ட பனை நின்றால், ஆளுக்கோ வீட்டுக்கோ ஆபத்தில்லாத இடமென்றால், இந்தக் கோடை முடியும்வரை வெட்டாமல் விடுங்க. உள்ளே குஞ்சு இருக்கலாம்.