கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

திரேஸ்புரத்தில் மீன் வாங்கும்போது ஒரு வள்ளக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுதோம். ஆலை வேணுமா வேண்டாமான்னு நம்மகிட்ட எப்பக் கேப்பாவ?"

2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் உயிர் பறிகொடுத்த ஊர் அது. சும்மா கேட்ட கேள்வி இல்லை.

ஒரு திட்டத்துக்கு மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ஆனால் 2013இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, ஒடிசாவின் நியாம்கிரியில் 12 கிராம சபைகளிடம் கேட்டார்கள். வேதாந்தாவுக்கான பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று பன்னிரண்டுமே சொல்லின. சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. நம் தீர்மானத்துக்கு அந்த அளவு பலம் இல்லை. அதற்காக விட்டுவிடலாமா?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நம் ஊர்களில் கிராம சபை. வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். மாநகராட்சியில் இருக்கும் திரேஸ்புரம் போன்ற இடங்களுக்குப் பகுதி சபை.

வங்கியில் நான் பார்த்தவரை, படிக்காமல் போட்ட கையெழுத்துதான் பலரை அழ வைத்தது. ஆகவே, முந்தின நாளே கூட்டப் பொருளை வாங்கி நாலு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். யார் நிலம், யார் தண்ணீர், எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். தீர்மானத்தை எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் பேனாவை எடுங்கள்.