உஷார்! பணம் வரும் முன்னே கையெழுத்து போயிடப் போகுது!

வானூர் பக்கம் சென்டரிங், கம்பி கட்டு, டைல்ஸ் என்று சப்-கான்ட்ராக்ட் எடுக்கும் தம்பிகளே, ஒரு நிமிஷம். மெயின் கான்ட்ராக்டர் இன்றைக்கு ஒரு தாளை நீட்டினால் பேனாவைத் திறக்காதீங்க. முதலில் படிங்க. புரியலையா? படிச்ச பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க.

அதுக்குப் பேரு 'நோ கிளைம்'. அரைப் பக்கம்தான். பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். முழுப் பணமும் வாங்கிட்டேன், இனி பாக்கி கேட்க மாட்டேன் என்பதுதான் அதன் சாரம்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பி மேஸ்திரி. வேலை முடிந்து 3,10,000 ரூபாய் பாக்கி. தீபாவளிக்கு நாலு நாள். கான்ட்ராக்டர் தாளோடு வந்தார்: "அண்ணே, இதுல போட்டாத்தான் ஓனர் கடைசி பில்லை விடுவாரு. திங்கக்கிழமை உங்க அக்கவுன்ட்ல விழுந்துடும்." மேஸ்திரி பைக் டேங்க் மேலேயே தாளை வைத்து, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் நனைத்து ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்துப் போட்டார். திங்கள் வந்தது. பணம் வரலை. ஓனரிடம் ஓடினால் அதே தாளின் ஜெராக்ஸை எடுத்துக் காட்டுறார்: "உனக்குத்தான் எல்லாம் செட்டில் ஆயிடுச்சேப்பா!" பத்து ஆளுக்குக் கூலி நின்னுபோச்சு. வீட்டுக்காரம்மா வளையல் திண்டிவனம் அடகுக் கடைக்குப் போச்சு.

கட்டின கட்டடத்தையே பிடிச்சு வெச்சுக்கலாமா? முடியாது! அமெரிக்காவில் கூலி பாக்கிக்காகக் கட்டடத்தின் மேலேயே உரிமை பதியலாம். அங்கேயும் அதை விட்டுக்கொடுக்கும் தாள் உண்டு. ஆனால் கலிபோர்னியாவில், நிபந்தனையில்லாத தாளின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கணும்: பணம் வராவிட்டாலும் இந்தக் கையெழுத்து உன்னைக் கட்டும் என்று. நம்ம ஊர்த் தாளில் அப்படி யார் எச்சரிப்பாங்க? கட்டடத்தைப் பிடிச்சு வெக்க முடியாத கதிதான் ஜல்லி விற்பவருக்கும். ரொக்கத்துக்குப் பேசின ஜல்லி உங்க லாரியில் இருக்கும்வரை உங்க பிடி. சைட்டில் கொட்டிட்டா பிடி போச்சு.

மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லாது என்று வாதாடலாம். 2008-இல் போகரா பாலிஃபேப் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே அதுக்கு வழி விட்டது. ஆனா வெறும் வாய்ச்சொல் எடுபடாது. 2014-இல் ஜீனஸ் பவர் வழக்கில், உடனே எதிர்ப்பு எழுதாததும் அந்தக் கம்பெனிக்கு எதிராகப் போனது. மிரட்டி வாங்கினால் அன்றைக்கே எதிர்ப்பை எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்க.

தேதி போடாத தாளா? தொகை எழுதாமல் காலியா? ஆபத்து! "அப்புறம் நிரப்பிக்கலாம்" என்றால் எழுந்து வந்துடுங்க. "மேல பில் பாஸ் ஆகலை" என்ற பாட்டு மாசக்கணக்கில் ஓடுதா? அதுவும் ஆபத்துதான். அரசு வேலையென்றால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்க: எந்த பில், எந்தத் தேதியில், எவ்வளவு? 30 நாளில் பதில் சொல்லணும். தனியார் வேலையென்றால் உங்க வருமான வரிக் கணக்கில் டி.டி.எஸ். பாருங்க. உங்க பேரில் வரி பிடிச்சிருக்காங்க, பணம் மட்டும் வரலையா? அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்க.

கையெழுத்துப் போட்டே ஆகணும்னா, வந்த தொகைக்கு மட்டும் போடுங்க. "காசோலை பணமான பிறகே இது செல்லும், மீதி ரூ. இவ்வளவு பாக்கி" என்று உங்க கையாலேயே எழுதி, போட்டோ எடுத்துட்டுக் கொடுங்க.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருக்கா? வேலை எடுக்கும் முன்னே இருக்கணும். 2006-ஆம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுத்தால், ரிசர்வ் வங்கி வட்டியைப் போல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. கட்டட ஒப்பந்தத்துக்கு இது பொருந்துமா என்று கோர்ட்டுகளில் இழுபறி உண்டு, வக்கீலைக் கேட்டுக்குங்க.

ஆனா தள்ளிப்போடாதீங்க. பாக்கிக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. அந்த மேஸ்திரிக்கு வரும் தீபாவளியோடு ரெண்டு வருஷம் முடியுது.