கத்தி எதிரில் வந்தால்: நல்ல ஆசானை அறிவது எப்படி?

சோமனூரிலும் கருமத்தம்பட்டியிலும் விசைத்தறிகள் ராத்திரியிலும் ஓடும். ஷிப்ட் முடிந்து இருட்டில் வண்டியெடுத்துப் போகிறவர்களும், கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு நேரம் கழித்து வந்து இறங்கும் பெண்களும் இங்கே நிறைய. தற்காப்பு எங்கே நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரிப்பவர்கள் இவர்களும் இவர்கள் வீட்டாரும்தான். கராத்தே, சிலம்பம், களரி, க்ராவ் மகா என்று விளம்பரத் தட்டிகளுக்குக் குறைவில்லை. ‘கத்தியோடு ஒருத்தன் வந்தால் என்ன செய்வது?’ என்று கேட்டால் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பதில் கிடைக்கும். அதில் எது தெருவில் உதவும், எது மேடையோடு நின்றுவிடும் என்று பிரித்தறிய, முதலில் கத்தித் தாக்குதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கத்தியின் வேகம்

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்தவர் டென்னிஸ் ட்யூலர். 1983-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, உலகெங்கும் போலீஸ் பயிற்சியில் இன்றும் பேசப்படுகிறது. கத்தி வைத்திருக்கும் திடகாத்திரமான ஆள் 21 அடி தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்பது அவர் கணக்கு. பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதற்கும் அதே அளவு நேரம் பிடிக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கே அந்தத் தூரம் போதாது என்றால், வெறுங்கையோடு நிற்பவர் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

சினிமாவில் வில்லன் கத்தியைத் தலைக்கு மேல் ஓங்குவான். நாயகன் அந்தக் கையைப் பிடித்து முறுக்குவான். தெருவில் பல நேரம் கத்தி கண்ணிலேயே படாது. தொடையோடு ஒட்டியோ துண்டுக்குள் மறைந்தோ இருக்கும். ஒரு கை சட்டையைப் பிடித்து இழுக்க, இன்னொரு கை தறியில் நாடா போய்வருகிற வேகத்தில் குத்திக் குத்தி மீளும். அந்தக் கையை நடுவில் பிடிப்பது தேர்ந்தவருக்கும் எளிதில்லை. தாக்கப்பட்டவர்களின் உள்ளங்கையிலும் முன்கையிலும் காணப்படும் வெட்டுகளைத் தடயவியல் மருத்துவம் ‘தற்காப்புக் காயங்கள்’ என்கிறது. தடுக்கப் போன கை முதலில் அறுபடுகிறது என்பதற்கு அவைதான் சாட்சி. வயிறு உள்வாங்கிக் கொடுப்பதால், அலகின் நீளத்தைவிடக் காயம் ஆழமாகவும் போகலாம். ஆகவே சின்னக் கத்திதானே என்ற அலட்சியம் கூடாது.

சிலம்பம் தருவதும் தராததும்

கூரிய ஆயுதமும் அதை எதிர்ப்பதும் கொங்கு மண்ணுக்குப் புதியவை அல்ல. பாயும் புலியைக் குத்தும் வீரனைச் செதுக்கிய புலிகுத்திக் கற்கள் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பல இடங்களில் நிற்கின்றன. தீரன் சின்னமலை சிலம்பத்தில் தேர்ந்தவர் என்று இந்தப் பகுதி இன்றும் பெருமை பேசுகிறது.

சிலம்பம் என்றதும் கம்புதான் நினைவுக்கு வரும். அந்த மரபில் கூர்மையானவையும் உண்டு: இரண்டு மான்கொம்புகளை எதிரெதிராகப் பிணைத்து நடுவில் பிடிக்கும் மடுவு, குறுக்குப்பிடி கொண்ட கட்டாரி, பிச்சுவா, சுருள்வாள். வெறுங்கைச் சண்டைக்குக் குத்துவரிசை. கத்திக்கு எதிராக இந்த மரபு தரும் பெரிய சொத்து காலடி வரிசைதான். எதிராளியின் கை எட்டும் எல்லையைக் கண்ணால் அளப்பது, நேர்க்கோட்டில் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுவது, விலகும்போது கால் பின்னாமல் இருப்பது ஆகியவற்றை உடம்பில் ஏற்ற மாதக்கணக்கில் காலடி போட வேண்டும். நெற்றி உயரக் கம்பைச் சுழற்றப் பழகியவர் கைக்குக் குடையோ துடைப்பக் கட்டையோ கிடைத்தால்கூட, கத்திக்காரனைத் தூரத்தில் நிறுத்தும் வாய்ப்பு பெறுகிறார்.

ஆனால் இன்றைய சிலம்ப வகுப்புகள் பலவற்றின் இலக்கு போட்டி. தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்கிறார்கள், நல்ல விஷயம். அதே சமயம், அலங்கார வீச்சில் பதக்கம் வாங்கியவருக்குக் கத்தியை எதிர்கொள்ளத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் களரியில் பாடங்கள் வரும் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி, அடுத்துக் கம்புகளுக்கான கோல்தாரி, பிறகு கூரிய ஆயுதங்களுக்கான அங்கத்தாரி, எல்லாவற்றுக்கும் பின்னால் வெறுங்கை. ஆயுதம் எப்படிப் பாயும் என்று பல காலம் பழகியவருக்கே அதை வெறுங்கையால் எதிர்க்கும் பாடம் தரப்படுகிறது. 2009-ல் ஆர்னிஸ் என்ற தற்காப்புக் கலையைத் தேசிய விளையாட்டாக அறிவித்த பிலிப்பைன்ஸிலும் மாணவர் கையில் முதலில் ஏறுவது கம்புதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, ‘இரண்டே நாளில் கத்தியைப் பறிக்கலாம்’ என்ற தட்டியைப் படித்துப் பாருங்கள்.

வகுப்பில் எதைக் கவனிப்பது?

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

முதலில், தாக்குபவராக நடிக்கும் மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரே ஒரு குத்து விட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு நின்றால் அது நடனம். குத்திய கையை இழுத்து மறுபடி குத்த வேண்டும், இடக்கையால் பிடிக்க வேண்டும், பிடி கிடைத்தால் திமிற வேண்டும். தொடக்கத்தில் மெதுவாகவும், பழகப் பழக வேகமாகவும் இது நடக்க வேண்டும்.

கம்பு நுனியில் சாயம் தடவி, உடம்பில் பதிந்த தடங்களை எண்ணி வெற்றி தோல்வி சொல்வது சிலம்பத்தின் பழைய வழக்கம். கத்திப் பயிற்சிக்கும் அதுவே சிறந்த பரிசோதனை. ரப்பர் கத்தியின் விளிம்பில் சாக்பீஸ் பொடியோ சாயமோ பூசி, வெள்ளைப் பனியனோடு மாணவர்களை மோத விடும் ஆசானை நம்பலாம். எத்தனை கோடு விழுந்தது என்று பனியன் சொல்லிவிடும். அங்கே பூசி மெழுக முடியாது.

பாதுகாப்பு அடுத்தது. பழகுநர்கள் கையில் நிஜக் கத்தி கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, அருகில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். ஒரு விரல் தொட்டால் ஆள் சாய்ந்துவிடுவான் என்று வர்மத்தின் பேரில் சொல்பவரிடம், விலகி ஓடும் முரட்டு மாணவர் ஒருவர் மேல் செய்து காட்டச் சொல்லுங்கள். பெண்கள் பயிலும் இடத்தில், தன்னைவிடக் கனமான ஆளோடு பழகும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் கைமுறைகளோடு வேறு சிலவும் இருக்க வேண்டும். பர்ஸையோ செல்போனையோ கேட்டால் தூக்கி எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுவது, வண்டியையோ மேசையையோ நடுவில் வைத்துக்கொள்வது, உரக்கக் கூப்பாடு போடுவது, 112-ஐ அழைப்பது. காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துவது, உடம்பில் செருகிய கத்தியைப் பிடுங்காமல் அப்படியே விடுவது, 108-க்குச் சொல்வது. பெரிய ரத்தக் குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும் என்பதால், அழுத்திப் பிடிக்கத் தெரிவதும் தற்காப்பில் சேர்த்தி.

சட்டத்தையும் ஆசான் சொல்லித் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய உரிமையில்லை என்கிறது 37-வது பிரிவு. கத்தி கைமாறிய பிறகு, ஓடுகிறவனைத் துரத்திக் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. பாதுகாப்புக்கு நாமும் ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளையும் அறிய வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை அவை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

இத்தனையையும் பார்த்துவிட்டு, கடைசியாக ஆசானிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒருத்தன் கத்தியோட வந்து, நான் வெறுங்கையோட நின்னா, எனக்கு எத்தனை குத்து விழுமுங்க?” ஒன்றுகூட விழாது என்று மார்தட்டுபவரிடம் பணம் கட்டாதீர்கள். “ரெண்டு மூணு விழத்தான் செய்யுமுங்க. அதனால மொதல்ல ஓடிப் பழகலாம், வாங்க” என்பவரிடம் சேருங்கள்.