சின்னத் திருத்தம்தானே!

என் தந்தையார் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ரிங் ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கையில் இழை அறுந்தால், சைடர் பெண்கள் எவரையும் கேளாமல் அந்தக் கணமே இணைத்துவிடுவர். ஆனால் பினியன் என்னும் பற்சக்கரத்தைக் கழற்றி, ஒரே ஒரு பல் கூடுதலாக உள்ளதை மாட்டினாலும் நூலின் கவுண்ட் மாறிவிடும். மேஸ்திரி சொல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. பார்வைக்கு இரண்டுமே சிறு வேலைகள்தாம்.

மென்பொருளிலும் இவ்வேறுபாடு உண்டு என்பதை நான் படித்து அறியுமுன் பட்டு அறிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். கடையின் தமிழ் எழுத்துருவில் ‘ழு’ மட்டும் வரியைவிட்டுச் சற்றே கீழிறங்கி நிற்கும். அதன் புதிய பதிப்பில் அக்குறை நீங்கியிருக்கக் கண்டு, பழையதை நீக்கிப் புதியதை ஏற்றிவிட்டேன். புதியதில் எழுத்துகளின் அகலமும் மயிரிழை கூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று மாலை ஒரு மாணவியின் ஆய்வேட்டை அச்சிட்டோம். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று தள்ளிப் பக்கங்களும் தள்ளி, பொருளடக்கத்தில் ஒரு பக்க எண்கூடப் பொருந்தவில்லை. ஐந்து படிகளும் பைண்டிங் ஆன பிறகே கண்டோம். மறுநாள் அவர் ஒப்படைத்தாக வேண்டும். அவர் அழவில்லை, பேசாமல் நின்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நள்ளிரவு வரை இருந்து மறுபடி அச்சிட்டோம். தாளின் விலை என் சம்பளத்தில் கழிந்தது, நியாயந்தான். கடைக்கார அண்ணாச்சி திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏந் தம்பி, இத்தன வருசத்துல அந்த ‘ழு’வப் பத்தி யாராவது வந்து குறை சொன்னாங்களா?”

அக்கேள்வியை லினக்ஸ் கெர்னலைப் பேணுவோர் விதியாகவே எழுதி வைத்திருப்பதைப் பின்னர் படித்து வியந்தேன். நிலைவெளியீடு என்பது புதுமை வேண்டுவோருக்கன்று. நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓட வேண்டும் என்போருக்கு உரியது. லினக்ஸில் இதற்கெனத் தனிக் கிளை 2005இல் தோன்றியது. அதில் சேரும் திருத்தம் மனிதரை உண்மையில் தொல்லைப்படுத்தும் பிழையைத் தீர்க்க வேண்டும். ‘இப்படியும் நேரலாம்’ என்ற ஐயம் போதாது. சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்கு மேற்படலாகாது. முதன்மைக் கிளையில் முன்பே இடம்பெற்றிருக்க வேண்டும். வெறும் எழுத்துப்பிழைத் திருத்தமும் இடைவெளிச் சீரமைப்பும் ஏற்கப்படா. (நம் தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க!)

டெபியன் அமைப்பின் வழியும் இதனை ஒத்ததே. வளர்நிலைக் கிளையில் பிழை நீங்கிய பின்னரே நிலைவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். எந்தெந்த வரி மாறுகிறது என்பதையும் காட்ட வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மட்டும் தனி விரைவு வழி உண்டு. டெபியன் நமக்கு அந்நியமன்று. தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் மையத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியதே. என் அக்காள் வாங்கி வந்த மடிக்கணினியில்தான் நான் முதலில் தட்டச்சுப் பழகினேன்.

இத்தனை காவலையும் மீறித் தவறு நுழைந்ததுண்டு. 2023 இறுதியில் 6.1.64 என்ற நிலைக்கெர்னலில், ஈ.எக்ஸ்.டி.4 கோப்பு முறைக்கான ஒரு திருத்தம் சேர்ந்தது. திருத்தம் சிறியது, சரியானதுங்கூட. ஆனால் முதன்மைக் கிளையில் அது வேறொரு மாற்றத்தை நம்பி நின்றது. அந்தத் துணை மாற்றம் பழைய கிளைக்கு வந்து சேரவில்லை. விளைவு, சிலவகை எழுதுதலின்போது கோப்பிலுள்ள தரவே கெடும் நிலை. டெபியன் 12.3 வெளிவரவிருந்த டிசம்பர் 9 அன்று செய்தி எட்டியது. வெளியீட்டை நிறுத்தி, மறுநாளே 12.4 எனத் திருத்தி வெளியிட்டனர். என் எழுத்துருவின் கதையும் இதுதானே! நான் ‘ழு’வை மட்டும் பார்த்தேன், அகலத்தைப் பார்க்கவில்லை. வரிகளை எண்ணித் திருத்தத்தின் அளவைச் சொல்லிவிடலாம். அது எதை நம்பி நிற்கிறது, அதை நம்பி எவை நிற்கின்றன என்பதை எண்ணிச் சொல்ல முடிவதில்லை.

பிழை என்று எல்லோரும் ஒப்பியும் திருத்தாமல் விட்டது ஒன்று நம் மொழியிலேயே உண்டு. யூனிகோடில் ஆய்த எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ‘தமிழ் விசர்க்கக் குறி’. ஆய்தம் வேறு, வடமொழி விசர்க்கம் வேறு. ஆயினும் 1996இல் வந்த 2.0 பதிப்பு முதல், ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே உறுதிமொழி. அப்பெயரை நம்பி எத்தனையோ நிரல்கள் இயங்கக்கூடும். எனவே பெயரை விட்டுவைத்து, பக்கத்தில் ‘ஆய்தம்’ என்று குறிப்பு மட்டும் சேர்த்துள்ளனர். தமிழ் மாணவனாக எனக்கு இது உறுத்துகிறது. அந்த ஆய்வேட்டை இருமுறை அச்சிட்டவனாக ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் இப்போது எழுத்துரு இரண்டும் வேறு வேறு பெயரில் உள்ளன. புதிய வேலைகளுக்கு மட்டுமே புதியது. பழைய கோப்புகளில் அந்த ‘ழு’ இன்றும் சற்றுக் கீழிறங்கித்தான் நிற்கிறது.