லாலாங் கிழங்கும் எச்.ஐ.வி. கிருமியும்



"ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்று டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே மாத்திரை எதுக்குங்க?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன். கேள்வி நியாயமானதுதான். காய்ச்சல் விட்டால் மருந்தை நிறுத்துகிறோம் அல்லவா? எச்.ஐ.வி. விஷயத்தில் அந்தக் கணக்கு சரிப்படாது.

லாலாங் புல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேலே வெட்டிவிட்டால் தரை சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். நாலு மழை பெய்தால் மறுபடி முளைக்கும். இந்தக் கிருமியும் ஏறக்குறைய அப்படித்தான்.

நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் சி.டி.4 என்று ஒரு வகை. கிருமி அதற்குள் புகுந்து, தன் மரபுக் குறிப்பை அணுவின் மரபுக் குறிப்போடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. பெரும்பாலான அணுக்கள் கிருமியைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். ஒரு சில மட்டும் ஓய்வுக்குப் போய்விடும். பழைய நோய்களை நினைவில் வைத்திருப்பது இவற்றின் வேலை, வருஷக்கணக்கில் உயிரோடிருக்கும். அணு தூங்கினால் உள்ளே கிருமியும் தூங்கும். புதுக் கிருமி வெளியே வராததால் உடம்பின் காவலுக்கும் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாது. மாத்திரையும் அதைத் தொடாது. கிருமி பெருகுவதைத் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை.

இதை 1997இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து டாக்டர் ராபர்ட் சிலிசியானோ குழுவினரும் வேறு சிலரும் கண்டறிந்தார்கள். ஓய்விலிருக்கும் பத்து லட்சம் அணுக்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் உயிருள்ள கிருமி ஒளிந்திருக்கிறதாம். அந்த ஒன்றே போதும். விடாமல் மருந்து சாப்பிட்டாலும் இவை தானாகத் தீர 70 வருஷத்துக்கு மேல் ஆகும் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, பிறந்த சுமார் 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். ஒன்றரை வயதுவாக்கில் மருந்து நின்றுபோனது. அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் கிருமி தென்படவில்லை. குணமாகிவிட்டது என்றே உலகம் நம்பியது. 2014இல் கிருமி திரும்பிவிட்டது, பாவம். பெரியவர்கள் நிறுத்தினால் அவ்வளவு நாள்கூட ஆகாது. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே வந்துவிடுகிறது. விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ, கிருமி அந்த மருந்துக்கே பழகிப்போகும்.

இதற்காகப் பயப்பட வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி அளவு தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவால் கணவனுக்கோ மனைவிக்கோ கிருமி தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்கு 2018இல் சான்று தந்ததும் பரிசோதனையாலும் இந்த மருந்தாலும்தான். முதல்கட்ட மருந்து குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் இலவசம்.

கெலாங் பாத்தாவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், வேளை மாறும் என்று மாத்திரையை விட்டுவிடாதீங்க. எந்த ஷிப்டுக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தைக் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.